கலப்பு அஞ்சலோட்டத்தில் ஓடுவோர் வரிசை: ஒரு வரலாற்று நோக்கு

மெய்வல்லுநர் போட்டிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றோரின் பெயரையும் அவர்கள் ஓடி முடித்த நேரத்தையும் பதிவு செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். விதிகள் எவ்வாறு உருவாயின, எப்பொழுது மாறின, யாரை மனங்கொண்டு மாறின என்னும் வினாக்கள் அவர்களது கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பதில்லை. ஆயினும் ஒரு விளையாட்டு எத்தகைய சமூகத்தின் விளையாட்டு என்பதை அறிய விரும்பும் மாணவனுக்கு வெற்றிப் பட்டியலிலும் பார்க்க விதிப்புத்தகமே கூடிய பயன் தரும். ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் ஓரணியாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் 400 மீற்றர் வீதம் ஓடும் கலப்பு அஞ்சலோட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 2017ஆம் ஆண்டில் உலகப் போட்டியொன்றில் இடம்பெறத் தொடங்கிய இவ்வோட்டத்தின் வயது மிகக் குறைவு. எனினும் அக்குறுகிய காலத்துள் 'யார் முதலில் ஓடுவது, யார் இறுதியில் ஓடுவது' என்னும் ஒரு வினா மூன்று வேறு விடைகளைப் பெற்றுள்ளது. அவ்விடைகளை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைப் பாலார் சமத்துவத்தின் வெற்றி விழாவாகக் கொண்டாடுவோரும் உளர். தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்ட வேடிக்கை எனத் தள்ளிவிடுவோரும் உளர். இவ்விரு முடிபுகளும் அவசரத்தில் எழுந்தவை என்பது எமது கருத்து.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழகத்தார் 'தொடர் ஓட்டம்' என வழங்குவதை நாம் 'அஞ்சலோட்டம்' என்கின்றோம். திருவிதாங்கூர்ச் சமத்தானத்தின் தபாற் சேவை 'அஞ்சல்' என்றே பெயர் பெற்றிருந்தது. அச்சேவையின் ஓட்டக்காரன் மணி கட்டிய கோலொன்றை ஏந்தியவாறு தனக்குரிய தூரத்தை ஓடி முடித்து, அடுத்தவனிடம் பொதியை ஒப்படைத்தான். மைதானத்திற் கைமாறும் கோலுக்கும் அவன் ஏந்திய கோலுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நாம் வாதிட வரவில்லை. ஆனால் 'தொடர்' என்பதிலும் பார்க்க 'அஞ்சல்' என்னும் சொல்லே இவ்வோட்டத்தின் உயிர்நிலையைத் தொட்டு நிற்கின்றது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குகின்றார். ஒப்படைப்புத் தவறினால் ஓட்டமே பயனற்றுப் போகின்றது. யாரிடமிருந்து யாருக்கு என்பதே இங்கு முதன்மையான வினா.

ஒலிம்பிக் அரங்கில் அஞ்சலோட்டம் முதன்முதல் 1908ஆம் ஆண்டு இலண்டனில் இடம்பெற்றது. 200, 200, 400, 800 மீற்றர் எனச் சமமற்ற தூரங்களைக் கொண்ட ஓட்டம் அது. நால்வரும் 400 மீற்றர் வீதம் ஓடும் ஆடவர் அஞ்சலோட்டம் 1912இல் ஸ்ரொக்கோமில் தொடங்கியது. மகளிர்க்கு அதே ஓட்டம் 1972இல் மியூனிச்சிலேதான் கிடைத்தது. இடையில் அறுபது ஆண்டுகள். இவ்வறுபது ஆண்டுகளை விளங்கிக்கொள்ளாமற் கலப்பு அஞ்சலோட்டத்தின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

பிரான்சைச் சேர்ந்த அலிஸ் மிலியா என்னும் பெண்மணி 1921இல் மகளிர் விளையாட்டுக்கென ஒரு சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்து, மறு ஆண்டிற் பாரிஸில் மகளிர்க்கெனத் தனியான ஒலிம்பியாட் ஒன்றையும் நடத்திக் காட்டினார். அவ்வழுத்தத்தின் பயனாகவே 1928ஆம் ஆண்டின் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு ஐந்து மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 800 மீற்றர் ஓட்டம். ஜேர்மனியின் லினா ரட்கே அதனை வென்றார்; ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாமிடம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் என்னும் சிறப்பினை எய்தினார். அடுத்த நாட் பத்திரிகைகளோ வென்றவரை மறந்து, ஓட்ட முடிவிற் களைத்து விழுந்தோரைப் பற்றி எழுதின. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி வீழ்ந்தனர் என்றும், இத்தூரம் பெண்ணுடலுக்கு ஒவ்வாதது என்றும் செய்திகள் பரவின. அச்செய்திகள் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை என்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அரைமைல் தூரத்தை உயிரைக் கொடுத்து ஓடிய எவரும் ஓடி முடித்தவுடன் நிலத்திற் சாய்வது இயல்பே; ஆடவர் சாய்ந்தால் அது வீரம், மகளிர் சாய்ந்தால் அது வைத்தியச் சான்று! எவ்வாறாயினும், மகளிர் 800 மீற்றர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து அகற்றப்பட்டு 1960இல் உரோமிலேயே மீண்டும் இடம்பெற்றது. மகளிர் 400 மீற்றர் ஓட்டம் 1964இல் டோக்கியோவிற் புகுந்தது; அவுஸ்திரேலியாவின் பெற்றி கத்பேட் அதனை வென்றார். எட்டு ஆண்டுகளின் பின்னரே அத்தூரத்திற்கு அஞ்சலோட்டமும் அமைந்தது.

ஆகவே ஒரு பெண் 400 மீற்றரை ஒலிம்பிக் அரங்கில் ஓடலாம் என்னும் ஒப்புதலே 1964இல்தான் கிடைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே டோக்கியோவில் 2021இல் அவள் அத்தூரத்தை ஆடவரோடு ஓரணியாக ஓடினாள்.

கலப்பு அஞ்சலோட்டம் உலகப் போட்டியொன்றில் முதன்முதல் நடைபெற்ற இடம் பஹாமாஸ் நாட்டின் தலைநகர் நசோ. 2017 ஏப்பிரலில் அங்கு நடைபெற்ற உலக அஞ்சலோட்டப் போட்டியில் அந்நாட்டு அணியே 3 நிமிடம் 14.42 செக்கனில் வெற்றி பெற்றது. ஸ்ரீவன் கார்டினர், ஷோனே மில்லர்-உய்போ, அன்தொனிக் ஸ்ட்ராகன், மைக்கல் மத்தியூ என்போர் அவ்வணியினர். இரண்டு மாதங்களுக்குள், அதே ஆண்டு யூன் மாதத்தில், சர்வதேச ஒலிம்பிக் குழு இந்நிகழ்ச்சியை டோக்கியோ ஒலிம்பிக்கின் நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துக்கொண்டது. நீச்சல், முத்திறப் போட்டி முதலியவற்றிலும் கலப்பு நிகழ்ச்சிகள் அவ்வேளை சேர்க்கப்பட்டன. மகளிர் பங்கேற்பை ஆடவர் பங்கேற்புக்குச் சமமாக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. பார்வையாளரை ஈர்க்கும் நோக்கமும் உடனிருந்தது என்பதை மறைக்கவேண்டிய தேவையில்லை.

அவ்வேளை வரிசை பற்றி விதி எதுவும் இருக்கவில்லை. இருவர் ஆடவர், இருவர் மகளிர் என்பதே நிபந்தனை. எவ்வொழுங்கில் ஓடுவது என்பது அணியின் விருப்பம். நால்வரை இவ்வாறு பால் அடிப்படையில் ஒழுங்குபடுத்த ஆறு வழிகள் உள. இவ்வாறனுள் எது சிறந்தது?

இங்குச் சிறிது கணக்குப் பார்க்கவேண்டும். 400 மீற்றரில் ஆடவர் உலக சாதனை 43.03 செக்கன், 2016இல் றியோவில் வெய்ட் வான் நீகேர்க் நிலைநாட்டியது. மகளிர் சாதனை 47.60 செக்கன், 1985இல் கன்பராவிற் கிழக்கு ஜேர்மனியின் மரிற்றா கொக் நிலைநாட்டியது. வேறுபாடு 4.57 செக்கன். ஆடவர் சாதனையாளர் கோட்டைக் கடக்கும் கணத்தில் மகளிர் சாதனையாளர் ஏறக்குறைய 38 மீற்றர் பின்னால் இருப்பார். இது மிகப்பெரிய இடைவெளி. ஆனால் நால்வரின் நேரங்களையும் கூட்டுமிடத்து, எவர் முன் ஓடினும் எவர் பின் ஓடினும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. நிற்கும் நிலையிலிருந்து புறப்படுவோர் முதலாமவர் மட்டுமே என்பதாற் சிறு வேறுபாடு தோன்றலாம்; அது பெரிதன்று. அவ்வாறாயின் வரிசை பற்றி இத்துணைச் சிந்தனை எதற்கு?

ஓட்டம் கூட்டற் கணக்கு அன்று என்பதே விடை. முதலாமவர் தமக்குரிய சுவட்டிலேயே முழுச் சுற்றையும் ஓடுகின்றார். இரண்டாமவர் முதல் வளைவு முடியும்வரை தமக்குரிய சுவட்டில் ஓடி, அதன் பின்னரே உட்சுவட்டுக்குள் வரலாம். அவ்விடத்தில் முன்னிற்பவர் குறுகிய பாதையைப் பெறுகின்றார். பின்னிற்பவர் நெரிசலுட் சிக்கி, முந்துவதற்கு வெளிப்புறமாகச் சுற்றி ஓடவேண்டியவராகின்றார். மேலும், தனியாக முன்னே ஓடுபவருக்குத் தம் வேகத்தை அளவிட எவரும் இல்லை. பின்னே துரத்துபவருக்கு இலக்கொன்று உண்டு. எமது பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் இறுதி நிகழ்ச்சியாக அஞ்சலோட்டத்தைப் பார்த்த எவருக்கும் இது தெரியும். பத்து யார் முன்னால் ஓடுபவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். பின்னால் வருபவன் அவனது முதுகை மட்டுமே பார்ப்பான்.

2019 செப்ரெம்பர் 29இல் டோஹாவில் நிகழ்ந்தது இதன் உச்சம் எனலாம். உலக மெய்வல்லுநர் சம்பியன் போட்டியிற் கலப்பு அஞ்சலோட்டம் இடம்பெற்றது அதுவே முதற்றடவை. இறுதி ஓட்டத்தில் ஐக்கிய அமெரிக்க அணி ஆண், பெண், பெண், ஆண் என ஒழுங்கு செய்திருந்தது. போலந்து மட்டும் துணிந்து வேறுவழி சென்றது. முதலிரு சுற்றுக்களையும் ஆடவர்க்கும், இறுதியிரு சுற்றுக்களையும் மகளிர்க்கும் அது ஒதுக்கியது. இரண்டாம் சுற்றில் ஏனைய அணிகளின் மகளிரோடு போலந்தின் ஆடவர் ஓடியமையால் அவ்வணி வெகுதூரம் முன்னே சென்றது. இறுதிச் சுற்றிற் கோலைப் பெற்ற யுஸ்தினா ஷ்வியென்தி-எர்செதிச் தனியாக ஓடினார். அவர் பின்னே ஏனைய நாடுகளின் ஆடவர் அனைவரும் துரத்தி வந்தனர். அமெரிக்காவின் மைக்கல் செரி அவரைத் தாண்டினார். அவரைத் தொடர்ந்து யமெய்க்கா, பஹ்ரெயின், பிரித்தானிய ஆடவரும் தாண்டினர். அமெரிக்கா 3 நிமிடம் 9.34 செக்கன் என்னும் புதிய உலக சாதனையுடன் வென்றது. போலந்து 3 நிமிடம் 12.33 செக்கனில் ஐந்தாமிடம் பெற்றது. பிரித்தானியாவுக்கும் அதற்கும் இடையே 0.06 செக்கன் மட்டுமே.

அக்காட்சியைப் பார்த்தோர் இரு வகையாகக் கருதினர். ஒருசாரார் அதனை மிகச் சுவையான ஓட்டம் என்றனர். மறுசாரார்க்கு அது மனநிறைவைத் தரவில்லை. திறமையின் உச்சியில் நிற்கும் ஒரு பெண், தன் ஓட்டத்திற் குறையேதும் இன்றியே, நான்கு ஆடவரால் வரிசையாகத் தாண்டப்படுவதைக் காட்சிப் பொருளாக்குவது சமத்துவம் ஆகுமா? அவர் தோற்றது தம்மோடு ஒப்பிடத்தக்க எவரிடமும் அன்று. இவ்வினாவில் நியாயம் உண்டு. அதே அரங்கில் வென்ற அமெரிக்க அணியில் இரண்டாம் சுற்றை ஓடிய அலிசன் பீலிக்ஸ், மகப்பேறு முடிந்து ஓராண்டு நிறையுமுன்னரே களம் புகுந்தவர். விளையாட்டு வீராங்கனையரின் மகப்பேற்றுக் காலத்தில் அவர்களது கொடுப்பனவைக் குறைக்க முற்பட்ட நிறுவனத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தவர். அவ்வோட்டத்தோடு உலகப் போட்டிகளில் அவர் பெற்ற தங்கப் பதக்கங்கள் பன்னிரண்டாகி, உசெய்ன் போல்ற்றின் பதினொன்றைத் தாண்டின. ஒரே ஓட்டத்தில் ஒரு பெண் ஆடவர் சாதனையொன்றைக் கடந்தார்; மற்றொரு பெண்ணை ஆடவர் நால்வர் கடந்தனர்.

டோஹாவின் பாடத்தைப் பயிற்றுநர் விரைவிற் கற்றுக்கொண்டனர். 2021 யூலை 31இல் டோக்கியோவில் முதலாவது ஒலிம்பிக் இறுதி ஓட்டம் நடைபெற்றபொழுது பதக்கம் பெற்ற மூன்று அணிகளும் ஒரே ஒழுங்கிலேயே ஓடின: ஆண், பெண், பெண், ஆண். போலந்து 3 நிமிடம் 9.87 செக்கனில் வென்றது. டோஹாவில் இறுதிச் சுற்றோடிய அதே ஷ்வியென்தி-எர்செதிச் இம்முறை மூன்றாம் சுற்றை ஓடிக் கோலைக் கயெத்தான் துஷின்ஸ்கியிடம் ஒப்படைத்தார். டொமினிக்கன் குடியரசு 3 நிமிடம் 10.21 செக்கனில் இரண்டாமிடமும், அமெரிக்கா 10.22 செக்கனில் மூன்றாமிடமும் பெற்றன. இவ்விரு அணிகளும் தகுதிகாண் சுற்றிலே தகுதிநீக்கம் செய்யப்பட்டு, மேன்முறையீட்டின் பின்னர் மீளச் சேர்க்கப்பட்டவை என்பது சுவையான செய்தி.

சுதந்திரமாக விடப்பட்டபொழுது ஆறு வழிகளுள் ஒன்றே எஞ்சியது. அவ்வொன்றிலோ தொடக்கமும் முடிவும் ஆடவர்க்கு, இடைப்பகுதி மகளிர்க்கு. இதனை எழுதும்பொழுது எமது விழா நிகழ்ச்சி நிரல்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தலைமையுரையும் நன்றியுரையும் ஆடவர் பொறுப்பு. வரவேற்பு நடனமும் மங்கல விளக்கேற்றலில் உதவுதலும் மகளிர் பொறுப்பு. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது தவறு. பயிற்றுநர் பெண்களை இழிவாகக் கருதி நடுவில் வைத்தார் அல்லர். இழப்பைக் குறைக்கும் கணக்கே அவர்களை அங்கு இட்டுச் சென்றது. ஆனாற் கணக்கின் மொழியைக் கூர்ந்து நோக்கினால், அதில் ஆடவர் வரவாகவும் மகளிர் செலவாகவும் பதியப்பட்டிருப்பதைக் காணலாம். செலவை எங்கே வைத்தால் தாக்கம் குறையும் என்பதே ஒவ்வோர் அணியும் ஆராய்ந்த வினா.

2022 முதல் உலக மெய்வல்லுநர் அமைப்பு வரிசையை விதியாக்கியது. ஆண், பெண், ஆண், பெண் என்பதே அவ்விதி. இதன்படி ஒவ்வொரு சுற்றிலும் ஆடவர் ஆடவரோடும், மகளிர் மகளிரோடும் ஓடுவர். டோஹாவிற் கண்ட துரத்தற் காட்சிக்கு இனி இடமில்லை. பயிற்றுநரின் சூழ்ச்சித்திறனுக்கு இருந்த இடமும் பெருமளவு குறைந்துவிட்டது. கலப்பு அஞ்சலோட்டத்தின் உயிரையே இவ்விதி பறித்துவிட்டது எனக் குறைகூறுவோர் உளர். ஒரு பெண் ஓர் ஆடவனோடு ஒரே சுவட்டிற் போட்டியிடக்கூடிய ஒரேயொரு வாய்ப்பும் இதனால் இல்லாதொழிந்தது. சேர்ந்து ஓடுகின்றனர், ஆனாற் சந்திப்பதில்லை என்பது அவர்களது வாதம்.

இவ்வாதத்தை மதிப்பிட நீச்சற் போட்டி பயன்படும். அங்குக் கலப்பு அஞ்சல் நீச்சலில் வரிசை இன்றும் அணியின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. 2021இல் டோக்கியோவில் அமெரிக்க அணி தன் தலைசிறந்த ஆடவரான கேலப் டிரெஸ்ஸலை இறுதிக்கென வைத்திருந்தது. அவர் நீரிற் பாய்ந்தபொழுது அவரது அணி எல்லோர்க்கும் பின்னால் நின்றது. மகளிரை ஓர் ஆடவர் துரத்திப் பிடிப்பார் என்ற கணக்குப் பிழைத்தது. அணி ஐந்தாமிடமே பெற்றது. காட்சி சுவையானதே. ஆனால் அங்கும் விவாதம் முழுவதும் ஆடவரை எங்கே வைத்தால் இலாபம் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. அவருக்கு முன்னர் நீந்திய மகளிரின் திறமை பற்றிப் பேசியோர் சிலரே. சந்திக்கும் வாய்ப்பு என்பது உண்மையில் யாருக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதை ஆராயவேண்டும்.

புதிய விதி வேறொன்றையும் செய்தது. அதனை வகுத்தோர் எவ்வளவு தூரம் எதிர்பார்த்தனரோ அறியோம். இறுதிச் சுற்று பெண்ணுக்குரியதாயிற்று. அஞ்சலோட்டத்தில் இறுதியில் ஓடுபவருக்குள்ள மதிப்பு யாவரும் அறிந்தது. வெற்றிக் கோட்டைக் கடப்பவர் அவர். படத்தில் நிற்பவர் அவர். தோற்றாற் பழியைச் சுமப்பவரும் அவரே. 2022இல் யூஜினில் நடைபெற்ற உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் டொமினிக்கன் குடியரசின் பியோர்தலிசா கோபிலும் நெதர்லாந்தின் பெம்கே பொல்லும் கோட்டை நோக்கிப் பாய்ந்தனர். 3 நிமிடம் 9.82 செக்கனுக்கும் 9.90 செக்கனுக்கும் இடையே தங்கமும் வெள்ளியும் பிரிந்தன. ஓட்டத்தின் முடிவை அங்கு நிருணயித்தோர் இரு பெண்கள்.

பெம்கே பொல்லின் கதையைச் சற்று விரித்துரைத்தல் தகும். 2023 ஓகஸ்ற் 19இல் புடாபெஸ்ற்றில் அவர் மீண்டும் இறுதிச் சுற்றை ஓடினார். வெற்றிக் கோடு சில மீற்றர் தூரத்தில் இருக்க, அமெரிக்காவின் அலெக்ஸிஸ் ஹோம்ஸ் அவரை நெருங்கினார். பொல் தடுமாறி நிலத்தில் வீழ்ந்தார். கோல் கைநழுவி உருண்டோடியது. அமெரிக்கா 3 நிமிடம் 8.80 செக்கனில் உலக சாதனை நிலைநாட்ட, நெதர்லாந்து பெறுபேறேதும் இன்றி நின்றது. இந்நிகழ்ச்சியை 1928ஆம் ஆண்டின் அம்ஸ்ரடாமோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அன்று பெண் வீழ்ந்தாள் எனக் கூறி ஓட்டத்தையே மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நிறுத்தி வைத்தனர். அதே நெதர்லாந்தின் பெண் 95 ஆண்டுகளின் பின்னர் வீழ்ந்தபொழுது எவரும் மருத்துவரின் கருத்தை நாடவில்லை. அடுத்த முறை என்ன செய்வார் என்றே கேட்டனர். சில நாட்களில் அவர் 400 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றார். இறுதி நாளில் மகளிர் அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றையும் ஓடித் தம் அணிக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்தார். 2024 ஓகஸ்ற் 3இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற் கலப்பு அஞ்சலோட்டத்தின் இறுதிச் சுற்றுக்குக் கோலை வாங்கியபொழுது அவரது அணி நான்காமிடத்தில் நின்றது. முன்னே ஓடிய மூவரையும் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிச் சென்று 3 நிமிடம் 7.43 செக்கனில் வெற்றிக் கோட்டைக் கடந்தார். முதல் நாள் தகுதிகாண் சுற்றில் அமெரிக்கா நிலைநாட்டிய உலக சாதனையிலும் பார்க்க அது 0.02 செக்கனே பிந்தியது.

டோஹாவில் ஒரு பெண் துரத்தப்பட்டார். பாரிஸில் ஒரு பெண் துரத்தினார். இவ்விரு காட்சிகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் மகளிரின் கால்களில் நிகழ்ந்ததன்று. விதிப்புத்தகத்தின் ஒரு வரியில் நிகழ்ந்தது. பாரிஸிலும் பெண் ஆணிலும் பார்க்கக் குறைந்த வேகத்திலேயே ஓடினாள். ஆனால் அவ்வேறுபாடு எவருக்கும் இலாபமாகவோ நட்டமாகவோ எண்ணப்படவில்லை. கட்டற்ற சுதந்திரம் மகளிரை நடுவில் மறைத்தது. கட்டுப்பாடு அவர்களை முடிவில் நிறுத்தியது. சுதந்திரம் எப்பொழுதும் சமத்துவத்தைக் கொணரும் என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இவ்வோட்டத்திற்கு வேறொரு பயனும் உண்டு. ஆடவர் நால்வரையோ மகளிர் நால்வரையோ ஒரே தரத்தில் உருவாக்குவது பெரிய நாடுகளுக்கே இயலும். இருவரும் இருவருமாயின் சிறிய நாடுகளும் முன்வரலாம். பஹாமாஸும் டொமினிக்கன் குடியரசும் உலக அரங்கில் முதலிடம் பெற்றது இவ்வாறே. இது எமக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1998ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் 400 மீற்றரில் சுகத் திலகரத்னவும், மகளிர் 400 மீற்றரில் தமயந்தி தர்ஷாவும் இலங்கைக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்தனர். ஆசியாவின் மிகச் சிறந்த ஆணும் பெண்ணும் ஒரே நாட்டினராக இருந்த அவ்வேளையில் அவர்கள் சேர்ந்து ஓடுவதற்கு ஓர் ஓட்டம் இருக்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியிற் கலப்பு அஞ்சலோட்டம் இருபது ஆண்டுகள் கழித்து, 2018இல் ஜகார்த்தாவிலேதான் சேர்க்கப்பட்டது. அங்குப் பஹ்ரெயின் முதலிடமும் இந்தியா இரண்டாமிடமும் பெற்றன. பின்னர் பஹ்ரெயின் அணியினர் ஒருவர் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தகுதியிழக்கத் தங்கம் இந்தியாவுக்குரியதாயிற்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் அவ்வணியில் இறுதிச் சுற்றோடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய நால்வருள் ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழகத்தார். அவ்வணி தகுதிகாண் சுற்றோடு நின்றுவிட்டது.

2023இல் பாங்கொக்கில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் இலங்கை அணி இந்தியாவுக்கு அடுத்ததாக வெள்ளி பெற்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் நிலைமை மாறியது. பஹ்ரெயினை அடுத்து, இந்தியாவுக்குச் சற்று முன்னதாக, இலங்கை அணி கோட்டைக் கடந்தது. வெள்ளி எமதே என்றிருக்கையில், சுவட்டை மீறியமைக்காக அவ்வணி தகுதிநீக்கம் செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பதக்கம் இந்தியாவுக்குச் சென்றது. அவ்விந்திய அணியில் ஓடிய நால்வருள் வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன் ஆகிய மூவர் தமிழர். அச்செய்தியை வானொலியிற் கேட்ட எம் போன்றோர் எப்பக்கம் நின்று கவலைப்படுவது என அறியாது திகைத்தோம் என்பதை இங்கு ஒளிவுமறைவின்றிக் கூறிவைக்கலாம். சுவட்டின் கோடு ஐந்து சென்ரிமீற்றர் அகலமே உடையது. அதனை மிதிப்பவர் வளைவிற் சில அங்குலத்தைச் சேமிக்கின்றார் என்பது விதியின் நியாயம். 1600 மீற்றர் ஓடிய நால்வருக்கு அது போதிய ஆறுதலாக அமைந்திருக்க முடியாது.

வரிசை பற்றிய வழக்கு முடிந்துவிட்டதா? 2025 மே மாதத்தில் சீனாவின் குவாங்சோவில் நடைபெற்ற உலக அஞ்சலோட்டப் போட்டியில் 100 மீற்றர் வீதம் ஓடும் கலப்பு அஞ்சலோட்டம் அறிமுகமாயிற்று. கனடா 40.30 செக்கனில் அதனை வென்றது. 2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் இவ்வோட்டம் இடம்பெறவுள்ளது. அங்கு வரிசை வேறு: பெண், பெண், ஆண், ஆண். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டெனக் கருத இடமுண்டு. குறுந்தூர அஞ்சலோட்டத்திற் கோலை வாங்குபவர் திரும்பிப் பாராது முழு வேகத்தில் ஓடியவாறே கையைப் பின்னீட்டுகின்றார். கொடுப்பவரின் வேகமும் வாங்குபவரின் வேகமும் பொருந்தாவிடின் கோல் வலயத்தினுள் கைமாறாது. பாலார் மாறும் ஒப்படைப்பு மூன்று தடவை நிகழ்வதிலும் பார்க்க ஒரு தடவை நிகழ்வது பாதுகாப்பானது. இவ்வொழுங்கிலும் ஒவ்வொரு கட்டத்திலும் பெண் பெண்ணோடும் ஆண் ஆணோடுமே ஓடுகின்றனர். ஆனால் வெற்றிக் கோட்டைக் கடப்பவர் மீண்டும் ஆடவராகின்றார். இரண்டாம் பெண்ணிடமிருந்து முதலாம் ஆடவர் கோலை வாங்கும் அந்த ஒரு கைமாற்றத்திலேயே 2028இல் யாவரது கண்ணும் பதிந்திருக்கும். அங்கே காத்திருப்பவர் எவ்வளவு முன்னதாகப் புறப்படுவது என்பதைப் பயிற்றுநர் இப்பொழுதே காலடிகளால் அளந்து குறித்துக்கொண்டிருப்பர்.